கலிஃபோர்னியா வளாகத் தேர்தலும் கட்டண வாக்கெடுப்பும்: புதிதாக வருகிற மாணவர்களுக்கு

கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்தவர்கள் தங்கள் கட்டண ரசீதை ஒரு நிமிடம் நின்று படித்துப் பாருங்கள். கல்விக் கட்டணத்துக்குக் கீழே சின்னச் சின்னத் தொகைகளாக நாலைந்து கட்டணங்கள் இருக்கும்: பேருந்துப் பாஸ், மாணவர் சங்கம், மாணவர் மையக் கட்டடம், நல வசதி. இவற்றில் பலவற்றை நிர்வாகம் தானாக விதிக்கவில்லை. முன்பு அங்கே படித்தவர்கள் ஓட்டுப் போட்டு விதித்துக்கொண்டவை அவை. அவர்களில் பெரும்பாலோர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்; நீங்கள் கட்டுகிறீர்கள். நீங்கள் போடும் ஓட்டுக்கு இன்னும் பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒருவர் பணம் கட்டுவார். கட்டண வாக்கெடுப்பில் கை வைப்பவர்கள் ஒவ்வொரு படியிலும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

தமிழ்நாட்டுக் கல்லூரியிலிருந்து வருபவர்களுக்கு இங்குள்ள மாணவர் சங்கத் தேர்தல், கட்டண வாக்கெடுப்பு இரண்டுமே புதிதாக இருக்கும். இந்தியாவில் மாணவர் தேர்தல் நடக்கும் இடங்களில் 2006ல் வந்த லிங்டோ குழுப் பரிந்துரைகள்தான் அடிப்படை. வேட்பாளரின் செலவு வரம்பு 5,000 ரூபாய் என்பது அதில் உள்ளது. ஆனால் கட்டணத்தை மாணவர்களே ஓட்டெடுத்து முடிவு செய்யும் வழக்கம் நம் ஊரில் இல்லை.

முதலில் எந்தப் பல்கலைக்கழகம் என்று பாருங்கள்

பெயர்கள் ஒன்றுபோலத் தோன்றினாலும் இங்கே இரண்டு தனித்தனி அமைப்புகள் உண்டு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ உள்ளிட்ட 10 வளாகங்கள் கொண்டது கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம். சான் ஹோசே, ஃப்ரெஸ்னோ, லாங் பீச் போன்ற இருபதுக்கும் மேற்பட்ட வளாகங்கள் கொண்டது கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம். ஒன்றின் விதி மற்றதற்குப் பொருந்தாது. நண்பர் சொன்னார் என்று அடுத்த வளாகத்து விதியை வைத்துக்கொண்டு வேலை தொடங்கிக் கெட்டுப்போன முயற்சிகள் நிறைய.

முதல் அமைப்பில் கட்டண வாக்கெடுப்பு செல்ல வேண்டுமென்றால், அந்தக் கட்டணத்தைக் கட்டப்போகும் மாணவர்களில் குறைந்தது 20 விழுக்காட்டினர் ஓட்டுப் போட்டிருக்க வேண்டும். போட்டவர்களில் பாதிக்கு மேல் ‘ஆம்’ என்றிருக்க வேண்டும். வளாகம் தன் பங்குக்கு வரம்பை உயர்த்தியும் வைத்திருக்கலாம். இரண்டாம் அமைப்பில் மாணவர் சங்கத்துக்கான கட்டணத்தைப் புதிதாக விதிக்க, ஓட்டளித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று மாநிலக் கல்விச் சட்டத்தின் 89300ஆம் பிரிவு சொல்கிறது. அங்கே வேறு சில வளாகக் கட்டணங்களுக்கு வாக்கெடுப்பு முடிவு வளாகத் தலைவருக்கான ஆலோசனை மட்டுமே. வாக்கெடுப்புக்குப் பதிலாகக் கூட்டங்கள் நடத்திக் கருத்துக் கேட்கும் ‘மாற்று ஆலோசனை’ என்ற வழியும் உண்டு. இருபது பேர் வந்த கூட்டத்தை வைத்துப் பல்லாயிரம் பேருக்குக் கட்டணம் போடுவது சரியில்லை. உங்கள் வளாகத்தில் அந்த வழி பேசப்பட்டால், ஓட்டெடுப்பு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

பதவிப் பெயரிலும் ஒரு குழப்பம் வரும். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ‘சான்சலர்’ என்பவர் ஒரு வளாகத்தின் தலைவர். நம் ஊர் வேந்தரைப் போன்ற கௌரவப் பதவி என்று நினைத்துவிடாதீர்கள். துணைவேந்தர் பார்க்கும் வேலையைப் பார்ப்பவர் அவர். பத்து வளாகங்களுக்கும் மேலே ஒரு பிரசிடென்ட் இருக்கிறார். கட்டணக் கோப்பு இந்த இருவர் மேசைக்கும் போகும்.

ஓட்டுப் போடுவது

பெர்க்லியை வைத்தே சொல்கிறோம். அங்குள்ள மாணவர் சங்கமான ஏ.எஸ்.யூ.சி. 1887ல் தொடங்கியது. தேர்தல் வசந்தப் பருவத்தில், பெரும்பாலும் ஏப்ரலில் வரும். ஓட்டு இணையத்தில்தான். வளாகக் கணக்கில் நுழைந்து, கைபேசியில் வரும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை முடித்தால் வாக்குச்சீட்டு திறக்கும். கைபேசியை மாற்றியவர்கள் சரிபார்ப்பைப் புதுக் கைபேசிக்கு மாற்றாமல் விட்டுக் கடைசி நாளில் தவிப்பது வழக்கம். ஒரு வாரம் முன்னதாகவே நுழைந்து பார்த்துவிடுங்கள்.

மாணவர் சங்கத்தின் பேரவையான செனட்டுக்கு 20 இடங்கள். முறை, மாற்றத்தக்க ஒற்றை வாக்கு: பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2 என்று வரிசை எண் கொடுக்க வேண்டும். வெல்லத் தேவையான அளவைக் கணக்கிட, செல்லுபடியான ஓட்டுகளை 21ஆல் வகுத்து ஒன்று கூட்டுவார்கள். 10,500 பேர் போட்டால் 501. உங்கள் முதல் தேர்வு அந்த அளவைத் தாண்டினால் மிகுதி ஓட்டு அடுத்த தேர்வுக்குப் போகும். அவர் தோற்று நீக்கப்பட்டாலும் அடுத்தவருக்குப் போகும். இரண்டாம், மூன்றாம் எண் கொடுப்பதால் முதல் தேர்வுக்குக் கெடுதல் வருமோ என்று பயந்து ஒரே பெயரோடு நிறுத்துபவர்கள் உண்டு. கெடுதல் எதுவும் இல்லை. ஒரே பெயரோடு நிறுத்தினால், அவர் நீக்கப்பட்டதும் உங்கள் ஓட்டு அத்தோடு முடிந்துபோகும். அவ்வளவுதான் வித்தியாசம். தலைவர் போன்ற ஒற்றைப் பதவிகளுக்கும் வரிசை எண்தான். கடைசியில் இருப்பவரை நீக்கிக்கொண்டே போய், ஒருவர் பாதியைத் தாண்டும் வரை எண்ணுவார்கள்.

வெளிநாட்டு மாணவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். மாணவர் சங்கத் தேர்தலில் ஓட்டுப் போடவும் நிற்கவும் மாணவராகப் பதிவாகியிருந்தால் போதும். குடியுரிமையை யாரும் கேட்பதில்லை. ஆனால் அதே நடைபாதையில், அதே மாதிரி மேசை போட்டு, “ஓட்டர் பதிவு செய்துவிட்டீர்களா?” என்று கேட்பவர்களும் நிற்பார்கள். அது அரசுத் தேர்தலுக்கான பதிவு. அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாலோ, அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டாலோ நாடு கடத்தப்படும் அளவுக்குச் சிக்கல் வரும். தெரியாமல் செய்தேன் என்பது எளிதில் எடுபடாது. கையில் பேனா தந்தால் முதலில் “இது மாணவர் சங்கத்துக்கா, மாநிலத்துக்கா?” என்று கேளுங்கள். புரியாவிட்டால் போடாமல் நகர்ந்துவிடுங்கள்.

நிற்பதென்றால்

வேட்புமனு, தேர்தல் அலுவலர் நடத்தும் கட்டாயக் கூட்டம், செலவு வரம்பு, ரசீதுகளோடு கணக்குத் தாக்கல் ஆகிய நான்கும் ஏறக்குறைய எல்லா வளாகத்திலும் உண்டு. கூட்டத்துக்குப் போகாததால் மனு தள்ளுபடியாவதும், பிரச்சாரம் எல்லாம் முடிந்து வென்ற பிறகு கணக்குக் கொடுக்காததால் தகுதி இழப்பதும் ஆண்டுதோறும் நடப்பவை. 4 டாலர் டேப் வாங்கினாலும் ரசீதை அன்றே படம் எடுத்து ஒரு கோப்பில் போடுங்கள். நண்பர் இலவசமாக அச்சடித்துக் கொடுத்தாலும் பல வளாகங்களில் அதைச் சந்தை விலைக்குக் கணக்கில் காட்ட வேண்டும்.

மேலே சொன்ன 501 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். வளாகம் முழுக்க உங்களைத் தெரிந்திருக்கத் தேவையில்லை. இருபத்தொன்றில் ஒரு பங்கு ஓட்டு வந்தால் செனட்டர். ஆகவே, ஒரு விடுதி, ஒரு துறை, ஒரு கலாச்சார அமைப்பு, ஒரு விளையாட்டு அணி என்று உங்களை நேரில் தெரிந்த 500, 600 பேரின் பட்டியலைப் பெயர் பெயராக எழுதுங்கள். சுவரொட்டிக்கு 200 டாலர் செலவழிப்பதைவிட இந்தப் பட்டியல் பலன் தரும். வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்த மாணவர்கள், வீட்டிலிருந்து ரயிலில் வந்து போகிறவர்கள் போன்ற, யாரும் தேடிப் போகாத கூட்டத்துக்கும் இந்த முறையில் ஒரு செனட்டர் கிடைப்பார். மாற்றத்தக்க வாக்கு முறையின் மிக நல்ல குணம் அதுதான்.

நேரில் பேசும்போது நேரம் மிகக் குறைவு. பெர்க்லியில் ஸ்ப்ரவுல் திடலில் வேட்பாளர் பெயரெழுதிய மரத் தட்டிகள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். வகுப்பு விட்டதும் சேதர் வாயில் வழியாக ஆள் வெள்ளம் வரும். காதில் இயர்போன், கையில் காபி, அடுத்த வகுப்புக்குப் பத்து நிமிடம் என்று ஓடும் ஒருவர் உங்களைக் கடந்து போக ஏழெட்டு வினாடி ஆகும். அதற்குள் பெயர், பதவி, ஒரே ஒரு வேலை: “செனட்டுக்கு நிற்கிறேன், தேர்வு வாரத்தில் நூலகத்தை விடிய விடியத் திறந்து வைக்கப் போராடுவேன், புதன் வரை ஓட்டுப் போடலாம்.” நின்று கேட்டால் மட்டும் மேலே பேசுங்கள். எதிரே போய் வழியை மறிக்காதீர்கள். பக்கத்தில் சேர்ந்து நடந்தபடி பேசுங்கள்.

புகார் வரும் இடங்கள் எல்லா வளாகத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வகுப்பு மின்னஞ்சல் பட்டியலையோ பாடத் தளத்தையோ பிரச்சாரத்துக்குப் பயன்படுத்துவது. அனுமதிக்கப்பட்ட நாளுக்கு முன்பே சமூக ஊடகத்தில் ‘எனக்கு ஓட்டுப் போடுங்கள்’ என்று எழுதுவது. ஒருவர் ஓட்டுப் போடும்போது தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்ப்பது. இன்னும் மோசமாக, அவர் கைபேசியை வாங்கித் தானே அழுத்துவது. கடைசியாகச் சொன்னதைச் செய்பவர் வெல்லத் தகுதியற்றவர் என்றே கருதுகிறோம். புகார் வந்தால் தேர்தல் அலுவலர், பிறகு மாணவர் நீதிக் குழு என்று போகும். பதில் கொடுக்க ஒன்றிரண்டு நாள்தான் கிடைக்கும்; ஆகவே மனு போடும் அன்றே தேர்தல் விதிகளின் அந்த நாளைய நகலைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

சில பதவிகளுக்கு உதவித்தொகை உண்டு. எஃப்-1 விசாவில் இருப்பவர்களுக்குப் பருவ நாட்களில் வளாக வேலை வாரத்துக்கு 20 மணி நேரம்தான். ஏற்கெனவே ஆய்வகத்தில் வேலை பார்த்தால் இந்தத் தொகை எந்தக் கணக்கில் சேரும் என்பதை வாங்குவதற்கு முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் பெறுங்கள்.

கட்டண வாக்கெடுப்பு: கணக்கிலிருந்து தொடங்குங்கள்

கோஷத்தை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைப் பிறகு போடுபவர்கள்தான் அதிகம். தலைகீழாகச் செய்யுங்கள். உதாரணமாக, பெர்க்லி அளவில் சுமார் 33,000 இளநிலை மாணவர்கள் உள்ள வளாகத்தில் இரவுப் பேருந்துச் சேவை வேண்டும். ஆண்டுக்கு 9,90,000 டாலர் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 30 டாலர்.

இங்கேதான் முதல் தவறு காத்திருக்கிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இத்தகைய கட்டணத்தில் குறைந்தது 25 விழுக்காடு மாணவர் உதவிநிதிக்கு ஒதுக்கப்பட வேண்டும். வசதி குறைந்த மாணவர்களுக்கு இந்தப் புதுச் சுமையை ஈடுகட்டவே அந்தப் பங்கு. புதிதாகக் கணக்குப் போடுபவர் 30 டாலரோடு அதன் 25 விழுக்காட்டைக் கூட்டி 37.50 என்று எழுதிவிடுவார். ஆனால் பங்கு பிரிவது மொத்தத் தொகையிலிருந்து. 37.50ல் 25 விழுக்காடு போனால் கையில் நிற்பது 28.12 டாலர்தான். தலைக்கு ஒன்றே முக்கால் டாலருக்கு மேல் துண்டு விழும். 33,000 பேருக்கு அது ஆண்டுக்குச் சுமார் 62,000 டாலர். சரியான வழி, 30ஐ 0.75ஆல் வகுப்பது: 40 டாலர்.

உதவிநிதி கிடைக்காத வெளிநாட்டு மாணவர் இந்த 40ஐ முழுதாகவே கட்டுகிறார். அவர்களிடம் பிரச்சாரம் செய்யும்போது அதை ஒளிக்காதீர்கள்.

அடுத்தது விலை உயர்வு. சேவையின் செலவு ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறினால், முதலாண்டில் 40 டாலருக்குக் கிடைத்த அதே சேவைக்குப் பத்தாம் ஆண்டில் ஏறக்குறைய 52 டாலர் வேண்டும். ஏற்றத்துக்கு வழி வைக்காத கட்டணம் ஏழாம், எட்டாம் ஆண்டில் சேவையைக் குறைக்கும். வரம்பில்லாத ஏற்றமோ வருங்கால மாணவர் சட்டைப்பையில் நீங்கள் கை விடுவதற்குச் சமம். ‘ஆண்டுக்கு அதிகபட்சம் 3 விழுக்காடு, அதுவும் மாணவர் பெரும்பான்மையுள்ள குழு ஒப்புக்கொண்டால்’ என்பது நல்ல வாசகம்.

முடிவு நாள் கட்டாயம் வையுங்கள். பெர்க்லியில் 2007ல் நிறைவேறிய பசுமை நிதிக் கட்டணம் செமஸ்டருக்கு 5 டாலர், பத்து ஆண்டுகளுக்கு என்று எழுதப்பட்டது. காலம் முடிந்ததும் அப்போதைய மாணவர்களிடம் மறுபடி போய் நிற்க வேண்டும். அந்தப் பகுதிப் பேருந்து நிறுவனமான ஏசி டிரான்சிட்டுக்கு 1999ல் நிறைவேறிய பேருந்துப் பாஸும் அப்படிப் பலமுறை ஓட்டுக்கு வந்து புதுப்பிக்கப்பட்டதுதான். கட்டடத்துக்கான கட்டணம் வேறு மாதிரி. கடன் அடையும் வரை, பல பத்தாண்டுகள் நீளும். பெர்க்லியில் ‘கீழ் ஸ்ப்ரவுல்’ எனப்படும் மாணவர் மையப் பகுதியின் புதுப்பிப்புக்கு மாணவர்கள் 2010ல் ஓட்டளித்தார்கள். புதுப்பித்த மாணவர் மையம் திறந்தது 2015ல். ஓட்டுப் போட்டவர்களில் அங்கே மாணவராக நுழைந்தவர் சிலர்தான். கட்டடத்துக்கு ‘ஆம்’ கேட்கும்போது இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கேள்வியை எழுதுவது

இப்படி ஒரு கேள்வி: “மாணவர் பாதுகாப்பை மேம்படுத்தும் இரவுப் பேருந்துக்காக ஒரு பருவத்துக்கு 20 டாலர் கட்டணத்தை ஆதரிக்கிறீர்களா?” படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நிற்காது. ‘மேம்படுத்தும்’ என்பது பிரச்சாரம். ‘பருவம்’ என்றால் எத்தனை? பெர்க்லியிலும் மெர்செடிலும் செமஸ்டர் முறை. லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ போன்றவற்றில் காலாண்டு முறை. அதே 20 டாலர் இங்கே ஆண்டுக்கு 40, அங்கே 60. கோடை வகுப்புக்கும் உண்டா? யார் கட்ட வேண்டும், எப்போதிலிருந்து, எதுவரை?

இப்படி எழுதுங்கள்: “2027 இலையுதிர் செமஸ்டர் முதல் 2032 வசந்த செமஸ்டர் வரை, பதிவுபெற்ற இளநிலை மாணவர் ஒவ்வொருவரும் செமஸ்டருக்கு 20 டாலர், ஆண்டுக்கு 40 டாலர், இரவுப் பேருந்துச் சேவைக்குச் செலுத்த வேண்டுமா? கோடைப் பருவத்துக்குக் கட்டணம் இல்லை. தொகையில் 25 விழுக்காடு மாணவர் உதவிநிதிக்குச் செல்லும். மீதியை, மாணவர் பெரும்பான்மை கொண்ட குழு ஆண்டுதோறும் கணக்கு வெளியிட்டுச் செலவிடும்.” வறட்சியாகத் தெரியும். ஐந்து ஆண்டு கழித்துச் சண்டை வரும்போது இந்த வறண்ட வாசகம்தான் காப்பாற்றும்.

முதுநிலை மாணவர்களும் கட்ட வேண்டுமென்றால் அவர்களும் ஓட்டுப் போட வேண்டும். 20 விழுக்காட்டுக் கணக்கிலும் சேர்வார்கள். அவர்கள் வளாகத் தேர்தலில் குறைவாகவே கலந்துகொள்வதால், சேர்ப்பதா வேண்டாமா என்பதை யோசித்து முடிவெடுங்கள்.

ஒரு குறிப்பிட்ட கொள்கை கொண்ட அமைப்புக்குப் பணம் கொடு அல்லது நிறுத்து என்று கேள்வி வைக்காதீர்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1995-96ல் ஆண்டுக்கு 331.50 டாலராக இருந்த மாணவர் கட்டணம் பற்றிய சவுத்வொர்த் வழக்கில், 2000ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: கட்டாயக் கட்டணம் வாங்கி மாணவர் அமைப்புகளுக்குக் கொடுக்கலாம், ஆனால் கருத்துப் பார்த்துப் பிரிக்கக் கூடாது. ஓர் அமைப்புக்கு நிதி உண்டா இல்லையா என்பதைப் பெரும்பான்மை ஓட்டால் தீர்மானிக்கும் வாக்கெடுப்பு முறையையும் நீதிமன்றம் அங்கே கேள்விக்குள்ளாக்கியது. சிறுபான்மைக் கருத்துக்கும் சம மரியாதை என்பதுதான் அதன் அடிப்படை. பேருந்து, நூலக நேரம், மனநல ஆலோசனை போன்ற எல்லாருக்கும் பொதுவான சேவைக்கோ, நடுநிலை விதிப்படி எல்லா அமைப்புகளும் விண்ணப்பிக்கக்கூடிய பொது நிதிக்கோ கேளுங்கள்.

நாட்கணக்கும் ஓட்டுக்கணக்கும்

ஏப்ரலில் ஓட்டு என்றால் செப்டம்பரில் தொடங்குங்கள். அக்டோபருக்குள் சேவை தரும் நிறுவனத்திடம் எழுத்தில் விலை. நவம்பருக்குள் கேள்வியின் முதல் வரைவு. அதன் பிறகு வளாகக் கட்டணக் குழு, நிதி அலுவலகம், சட்ட அலுவலகம் மூன்றும் படித்துத் திருத்தும். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வாரம் எடுக்கும், டிசம்பர் விடுமுறை வேறு. செனட் தீர்மானமோ மாணவர் கையெழுத்து மனுவோ பிப்ரவரியில் முடிய வேண்டும். கையெழுத்து வழி என்றால் தேவையான எண்ணிக்கைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். மாணவர் எண்ணைத் தப்பாக எழுதியவை, இரண்டு முறை போட்டவை என்று நிறையக் கழியும். மாநிலப் பல்கலைக்கழக வளாகமானால், ஆதரவும் எதிர்ப்புமாக இரண்டு தரப்பு வாதங்களும் உள்ள வாக்காளர் கையேடு ஓட்டுக்கு 30 நாள் முன்பே வெளிவந்திருக்க வேண்டும். அந்த நாள் தவறினால் வாக்கெடுப்பும் தள்ளிப்போகும்.

இப்போது 20 விழுக்காடு. 33,000 பேரில் 6,600. 6,000 ‘ஆம்’, 500 ‘இல்லை’ என்று விழுந்தால் மொத்தம் 6,500, கட்டணம் தோற்றுவிடும். எதிர்ப்பவர்களில் இன்னும் நூறு பேர் வந்து ‘இல்லை’ போட்டிருந்தால் அது வென்றிருக்கும்! வரம்புள்ள எல்லா வாக்கெடுப்பிலும் உள்ள கோளாறு இது. நடைமுறையில் இதன் பொருள்: உங்கள் எதிரி ‘இல்லை’ என்பவர் அல்லர், வராதவர்தான். ஆகவே எதிர்த்தரப்பையும் மேடைக்கு அழைத்து விவாதம் வையுங்கள். செனட்டுக்குக் கடும் போட்டி உள்ள ஆண்டில் வாக்கெடுப்பை வைத்தால் வேட்பாளர்களே கூட்டம் சேர்த்துத் தருவார்கள். தனியாகச் சிறப்புத் தேர்தல் வைத்தால் ஆள் வராது. வாக்குச்சீட்டைத் திறந்துவிட்டுக் கட்டணக் கேள்வியை மட்டும் காலியாக விட்டவர் கணக்கில் சேர்வாரா என்பதை முன்கூட்டியே தேர்தல் அலுவலரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பணம் பெறப்போகும் துறையின் ஊழியர்கள் விவரம் சொல்லலாம். ‘ஆம் போடுங்கள்’ என்று அலுவலக மின்னஞ்சலில் அனுப்பினால் முடிவையே எதிர்த்து வழக்குப் போட அதுவே ஆதாரமாகும். நட்பாகச் சொல்லித் தடுத்துவிடுங்கள்.

வென்ற பிறகு

முடிவு வந்த இரவோடு வேலை முடிவதில்லை. கோப்பு சான்சலரிடம் போய், அவர் பரிந்துரைத்துப் பிரசிடென்ட் ஒப்புதல் தர வேண்டும். இதற்குள் மே வந்துவிடும், முன்னின்று உழைத்தவர்கள் பட்டம் வாங்கிக் கிளம்பிவிடுவார்கள். அதற்கு முன் மூன்று காகிதங்கள் ஓரிடத்தில் இருக்க வேண்டும்: ஓட்டுக்கு வந்த கேள்வியின் இறுதி வாசகம், சேவை நிறுவனத்துடனான ஒப்பந்தம், செலவுக் குழுவில் மாணவர் உறுப்பினர்களை யார், எப்போது நியமிப்பது என்ற விதி. மூன்றாவதை மறந்த இடங்களில் குழு கூடாமலே ஓரிரு ஆண்டு போய், துறை தன் விருப்பத்துக்குச் செலவழித்திருக்கும்.

இலையுதிர் பருவத்தின் முதல் ரசீது ஆகஸ்டில் வரும். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரை இப்போதே அந்த வேலைக்குச் சொல்லி வையுங்கள்: ரசீதில் இரவுப் பேருந்துக்கான 20 டாலர் கட்டணம் இருக்கிறதா, தொகை சரியா, கோடை வகுப்பில் சேர்ந்தவர்களிடம் தவறாக வாங்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தவறு இருந்தால் கட்டண அலுவலகத்துக்கு எழுதும்போது கேள்வியின் வாசகத்தை அப்படியே மேலே ஒட்டி அனுப்பச் சொல்லுங்கள்.